கண்டது ஒரு பக்கம், கேட்டது ஒரு பக்கம்

காட்டைப் படமாக வரையச் சொன்னால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் புலியும் யானையும் அருவியும் வரைகிறார்கள். காரைக்குடிக்கு மேற்கே, செம்புறாங்கல் பூமியில் அய்யனார் கோயிலைச் சுற்றி நிற்கும் கோயில் காட்டின் ஓரமாகவே நாள்தோறும் சைக்கிளில் பள்ளிக்கு வருகிற பிள்ளைகூட அதைக் காடு என்று எண்ணுவதில்லை. அவர்களுக்கு அது வெறும் 'கோயிலு'. பாடப்புத்தகத்தில் நம் மாநில வண்ணத்துப்பூச்சி தமிழ் மறவன் என்று படிக்கிறார்கள். அதுவோ மேற்குத் தொடர்ச்சி மலைக்காரன், இங்கே கண்ணில் படாது. பள்ளிக்கூட வேலியில் எருக்கஞ்செடியைச் சுற்றிப் பறக்கும் வண்ணத்துப்பூச்சியோ பெயரில்லாமல் இருக்கிறது.

தொடக்கப்பள்ளி ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை இந்தக் கோயில் காட்டுக்கு அழைத்துச் செல்கிறேன். இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் கிழக்குக் கடற்கரைச் சமவெளிக்கே உரியது வறண்ட பசுமைமாறாக் காடு. மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் பெய்து ஓய்ந்துவிடும். மற்ற மாதங்களை அந்த ஈரத்தை வைத்தே ஓட்ட வேண்டும். ஆகையால் மரங்கள் குட்டையாக, தடித்த சிறு இலைகளோடு, இலைகளின் மேல் மெழுகு பூசியதுபோன்ற மினுமினுப்போடு நிற்கும். வீரை, உலக்கைப்பாலை, காயா ஆகியவை இந்த வகை. சமவெளியில் பெரும்பாலான இடங்கள் வயலாகவும் தைலமரத் தோப்பாகவும் முந்திரிக் காடாகவும் சீமைக்கருவேலப் புதராகவும் மாறிவிட்ட பின், இந்தக் காட்டின் மிச்சம் சாமிக்குப் பயந்து சுள்ளிகூட ஒடிக்காத கோயில் காடுகளில்தான் அதிகமாகத் தங்கியிருக்கிறது. கடவுளைப் பாடும்போது 'காயாம்பூ வண்ணன்' என்று பாடுகிறோம்; காயா மரம் பூக்கும்போது கிளையோடு ஒட்டிக்கொண்டு கொத்துக்கொத்தாக நீலம் பொங்குவதைப் பார்த்த பிள்ளைகள்தான் அந்த நிறம் எது என்பதைத் தெரிந்துகொண்டார்கள். நகரத்துப் பள்ளிகள் பேருந்து பிடித்துத் தேக்கடிக்கும் கொடைக்கானலுக்கும் 'இயற்கை முகாம்' போவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு முறை மட்டும் போகிற இடத்தில் பிள்ளைகள் வேடிக்கைதான் பார்க்க முடியும். உற்றுப் பார்ப்பதற்குத் திரும்பத் திரும்பப் போகக்கூடிய இடம் வேண்டும், அது நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும்.

என் முறையில் பெரிய நுட்பம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மரமோ புதரோ ஒதுக்கப்படுகிறது. ஒவ்வொரு வாரமும் அதே மரம்தான். போனதும் கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் உட்கார வேண்டும். பிறகு நோட்டில் எழுத வேண்டும், வரைய வேண்டும். செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு எழுதுவதன் அருமையைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்துப் பெட்டியடியில், அதாவது கடையில் கணக்கு எழுதும் இடத்தில், நாள்வழிக் குறிப்பில் அன்றைக்கு வந்தது அன்றைக்கே பதிவானதுபோல, தேதி, நேரம், வெயிலா மேகமா என்பது முதலில், பிறகு பார்த்தது. இதில் நான் கண்டிப்பாக இருப்பது ஒரே ஒரு விதியில்தான். நோட்டை விரித்தால் இடப்பக்கத்தின் தலைப்பு 'கண்டது'. வலப்பக்கத்தின் தலைப்பு 'கேட்டது'. தானே கண்ணால் பார்த்தது மட்டும் இடப்பக்கம். அப்பத்தா சொன்னது, புத்தகத்தில் படித்தது, கைப்பேசியில் பார்த்தது, நான் சொன்னது எல்லாமே வலப்பக்கம். டீச்சர் சொன்னதும் 'கேட்டது' பக்கத்துக்குத்தான் போகும் என்பதில் பிள்ளைகளுக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

இந்த இரண்டு பக்கங்களால் என்ன நடக்கும் என்பதற்கு எருக்கஞ்செடியிலிருந்து தொடங்கலாம். எருக்கிலையில் வெள்ளை, கறுப்பு, மஞ்சள் பட்டைகளோடு ஒரு புழு ஊர்வதைப் பார்த்து மூன்று பிள்ளைகள் வரைந்தார்கள். ஒருத்தி இரண்டு கொம்பு போட்டிருந்தாள், இன்னொருவன் நான்கு, மற்றவள் ஆறு. யார் சரி என்று என்னிடம் கேட்டார்கள். புழு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, அதையே கேளுங்கள் என்றேன். தலைக்கு அருகே ஒரு சோடி, நடுவில் ஒரு சோடி, வால்புறத்தில் ஒரு சோடி என்று மென்மையான கறுப்புக் கொம்புகள் ஆறு இருந்தன. கொம்பு என்றால் தலையில்தான் இருக்கும் என்று மனம் முன்பே முடிவுசெய்துவிடுவதால், எதிரே இருக்கிற மற்ற நான்கும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகின்றன. வரையும்போது அந்த இடைவெளி உடனே காகிதத்தில் வெளிப்பட்டுவிடுகிறது. படம் அழகாக இருக்க வேண்டியதில்லை; கொம்பின் எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும்.

அந்தப் புழுவுக்கு அவர்கள் 'ஆறுகொம்பன்' என்று பெயர் வைத்தார்கள். வெந்தய வரியன் என்ற அதன் பெயரை நான் வெகுநாள் கழித்துத்தான் சொன்னேன். அதற்குள் அது இலையைத் தின்னத் தொடங்கும் முன் ஓரிடத்தில் கடித்துப் பாலை வடியவிடுவதையும், பால் ஓட்டம் குறைந்த பகுதியைத் தின்பதையும், பின்பு பச்சைக் கூட்டுப்புழுவாக இலையடியில் தொங்குவதையும், ஆரஞ்சு நிறச் சிறகும் கறுப்பு வெள்ளை முனையுமாக வெளிவருவதையும் அவர்கள் எழுதியிருந்தார்கள். வண்ணத்துப்பூச்சி அவசரமே இல்லாமல் தாழ்வாகப் பறப்பதையும், பறவைகள் அதைத் துரத்தாமல் விட்டுவிடுவதையும் கண்டார்கள். எருக்கம்பாலின் நஞ்சு புழுவின் உடம்பிலேறி வண்ணத்துப்பூச்சியிலும் தங்குகிறது என்று விளக்கியபோது, கேட்டவர்களுக்கு அது அவர்கள் நோட்டில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த கேள்விக்கான பதிலாக இருந்தது. பெயரை முதலிலேயே சொல்லியிருந்தால் அதை எழுதிக்கொண்டு அடுத்த செடிக்குப் போயிருப்பார்கள். படம் பிடித்தால் நொடியில் பெயர் சொல்லும் கைப்பேசிச் செயலிகளை நான் காட்டுக்குள் அனுமதிக்காததற்குக் காரணம் இதுதான். வீட்டுக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளட்டும், வலப்பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும்.

ஆனால் இரண்டு பக்கங்களும் உண்மையில் மோதிக்கொண்டது குளவி விஷயத்தில்.

எங்கள் கோயிலில் புரவி எடுப்புத் திருவிழாவின்போது செய்து வைத்த பழைய மண்குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. சில குதிரைகளின் வயிற்றில் ஓட்டை விழுந்து, உள்ளே பல்லியும் அரணையும் குடியிருக்கின்றன. அந்த வயிற்றின் அடியில், இடுப்பு நூல்போல மெலிந்த கறுப்பும் மஞ்சளுமான குளவி ஒன்று கூடு கட்டத் தொடங்கியது. குளவிக் கூட்டைப் பற்றி நம் வீடுகளில் கதைகளுக்குப் பஞ்சமில்லை. வீட்டில் குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்பார்கள். செட்டிநாட்டு வீடுகளில் நிலைக்கதவின் மரச்செதுக்கல்களுக்கு இடையே அது கட்டிவிட்டால் கலைக்க விடமாட்டார்கள். கூட்டு மண்ணைக் குழைத்துக் கடிவாயில் பூசுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து அடைத்து வைத்து, கொட்டிக் கொட்டியே அதைக் குளவியாக மாற்றிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. பிள்ளைகள் அனைவரின் வலப்பக்கத்திலும் இது இருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை.

இடப்பக்கம் மெதுவாக நிரம்பியது. குளவி ஊருணிக் கரையின் ஈர மண்ணை உருண்டையாக வாயில் கொண்டு வருகிறது. மண்ணைப் பூசும்போது மட்டும் 'ங்ங்' என்று ஒரு தனி ஒலி வருகிறது. பறக்கும்போது வரும் ஒலி அல்ல. விரல் கனத்தில் நீளமாக ஓர் அறை கட்டி, வாயைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறது. பிறகு ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதினான்: "குளவி கொண்டு வந்தது புழு இல்லை. சிலந்தி. கால் இருந்தது." இன்னொரு சிலந்தி, பிறகு மற்றொன்று. அறை நிறைந்ததும் வாயை மண்ணால் அடைத்துவிட்டு, ஒட்டினாற்போல அடுத்த அறையைக் கட்டத் தொடங்கியது. உள்ளே எதையும் கொட்டுவதற்கு அது திரும்பி வரவே இல்லை.

அப்படியானால் குளவியாக மாறப்போவது சிலந்தியா என்று ஒரு சண்டை வந்தது. சிலந்திக்கு எட்டுக் கால், குளவிக்கு ஆறு. மிச்சம் இரண்டு கால் எங்கே போகும் என்று ஒரு பெண் கேட்ட கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. குளவி பறந்துபோய்ச் சில அறைகளில் துளை விழுந்திருந்த ஒரு பழைய கூடு, வேறொரு குதிரையின் காலடியில் உதிர்ந்து கிடந்தது. கோயில் பூசாரியான வேளாரிடம் அனுமதி கேட்டோம். "அது மண்ணுதானே டீச்சர், எடுத்துப் பாருங்க. குடியிருக்கிற கூட்டை மட்டும் தொட்றாதீங்க" என்றார். உடைத்துப் பார்த்தபோது, துளை விழுந்த அறைகளில் காய்ந்த வெங்காயத் தோல்போன்ற பழுப்பு நிற உறை மட்டும் கிடந்தது. துளை விழாத ஓர் அறையில் சிலந்திகள் சுருங்கிக் காய்ந்து அப்படியே இருந்தன. அந்த அறையில் ஏதோ காரணத்தால் குஞ்சு பிழைக்கவில்லை. உறை இருக்கும் அறையில் சிலந்தி இல்லை, சிலந்தி இருக்கும் அறையில் உறை இல்லை. யாரோ சிலந்தியைத் தின்றிருக்கிறார்கள் என்ற முடிவுக்குப் பிள்ளைகள் தாங்களாகவே வந்துசேர்ந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் நான் வாயைத் திறந்தேன். தாய்க்குளவி சிலந்தியைக் கொட்டுவது உண்மை. ஆனால் கொல்வதற்காக அல்ல, அசையாமல் செய்வதற்காக. உயிரோடு இருப்பதால் இரை அழுகாது. ஒவ்வோர் அறையிலும் ஒரு முட்டை. முட்டையிலிருந்து வரும் புழு அந்தச் சிலந்திகளைத் தின்று வளர்ந்து, உறை கட்டி, குளவியாகி, மண்ணைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். சிறு பானைபோலக் கழுத்து வைத்துக் கூடு கட்டும் இன்னொரு குளவி இருக்கிறது; அது சிலந்திக்குப் பதிலாக வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிகளின் புழுக்களைக் கொண்டு வந்து அடைக்கிறது. நம் முன்னோர் பார்த்தது அதைத்தான்.

அவர்கள் பார்த்ததை நான் பிள்ளைகளிடம் மூடநம்பிக்கை என்று சொல்வதில்லை. குளவி புழுவைக் கொட்டுவதைப் பார்த்திருக்கிறார்கள், அது சரி. அறையை அடைப்பதைப் பார்த்திருக்கிறார்கள், அதுவும் சரி. பிறகு அதே அறையிலிருந்து குளவி வருவதைப் பார்த்திருக்கிறார்கள். மூன்றும் கூர்மையாகக் கண்டவை. மண் மூடிய நடுப்பகுதியை மட்டும் மனத்தால் நிரப்பிக்கொண்டார்கள். எந்த இடத்தில் பார்ப்பது நின்று ஊகிப்பது தொடங்குகிறது என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாகக் காட்டக்கூடிய உயிரினத்தை நான் அறியேன்.

ஓணான் கதை வேறு மாதிரி. இராமருக்குத் தாகம் எடுத்தபோது அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் சிறுநீர் கொடுத்தது என்ற கதையை வைத்துக்கொண்டு, ஈர்க்கில் சுருக்குப் போட்டு ஓணான் பிடிப்பதும் கல்லால் அடிப்பதும் நம் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. இதைக் கூடாது என்று சொல்லிப் பயனில்லை. கோடையில் ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் சிவக்கும் நாட்களில், அது கல்லின் மேல் ஏறித் தண்டால் எடுப்பதுபோல உடம்பை ஏற்றி இறக்குவதை எண்ணி எழுதச் சொன்னேன். யாருக்காக எடுக்கிறது, இன்னோர் ஆண் வந்தால் என்ன செய்கிறது என்று கேட்டேன். மழைக்குப் பின் பெண் ஓணான் ஈர மண்ணைத் தோண்டி முட்டையிட்டு, மண்ணைத் தள்ளி மூடி, தலையால் அழுத்திச் சமன்செய்வதைச் சுருக்குப் போடுவதில் பெயர்பெற்ற பையன் ஒருவனே முழுதாக இருந்து பார்த்தான். அவன் நோட்டில் அதற்காக நான்கு பக்கங்கள் செலவாகியிருந்தன. சுருக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

தீபாவளி சமயத்தில் வாய்ப்பிருப்பவர்கள் திருப்பத்தூர் வட்டத்தில் உள்ள வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குப் போகலாம். 1977இல் அறிவிக்கப்பட்டது, 38.4 ஹெக்டேர் பரப்பு. அங்கே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகப் பட்டாசு வெடிப்பதில்லை என்பது பலரும் அறிந்த செய்தி, அது வலப்பக்கம். கண்மாய்க்குள் நிற்கும் மரங்களில் நத்தைக்குத்தி நாரைகள் இருப்பது இடப்பக்கம். அந்த நாரையின் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி இருக்கும். ஒரு பெண் அதை அப்படியே வரைந்துவிட்டு, தப்பாகிவிட்டதோ என்று அழிக்கப் போனாள். நல்லவேளை, பக்கத்தில் இருந்தவள் தடுத்துவிட்டாள். இளம் குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். அடுத்த ஆண்டு பார்க்க வேண்டியவற்றில் அது ஒன்று.

பருவத்தை அறிந்து போனால் பாதி வேலை முடிந்ததுபோலத்தான். முதல் மழை பெய்ததும் செம்மண்ணில் தம்பலப்பூச்சிகள் பட்டுச் சிவப்பாக வெளிவரும். கையில் எடுக்காமல் கால்களை எண்ணச் சொன்னால் எட்டு வரும், அது சிலந்தியின் உறவு என்பது அங்கேயே புரிந்துவிடும். கார்த்திகை வாக்கில் வேலிகளில் செங்காந்தள் பூக்கும். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்த பறம்பு நம் பிரான்மலைதான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், ஆனால் ஒரு கொடி எதைக்கொண்டு பற்றி ஏறுகிறது என்று பார்த்திருக்க மாட்டோம். செங்காந்தளுக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது; இலையின் நுனியே நீண்டு சுருண்டு பற்றிக்கொள்கிறது. பூவின் இதழ்கள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நாளுக்கு நாள் நிறம் மாறுவதால், ஒரே பூவைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத்தான் அது ஒரே பூ என்று தெரியும்.

பெற்றோர் கேட்கும் பாதுகாப்புக் கேள்விகள் நியாயமானவை. செங்காந்தள் கிழங்கும் குன்றிமணியும் கொடிய நஞ்சு. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. ஆகையால் காட்டில் எதையும் வாயில் வைப்பதில்லை, கண்ணைக் கசக்குவதில்லை, வெளியே வந்ததும் கை கழுவுகிறோம். செருப்பல்ல, மூடிய காலணி. கல்லைப் புரட்டுவதும் பொந்தில் கை விடுவதும் கிடையாது. எதையும் பிடித்து வீட்டுக்குக் கொண்டு வருவதும் கிடையாது; மயில், உடும்பு, தேவாங்கு போன்றவை 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை என்பதைப் பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்குத்தான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. தானே உதிர்ந்து கிடக்கும் மயிலிறகைக்கூடக் கிடந்த இடத்திலேயே அளந்துவிட்டு வைத்துவிடுகிறோம். நோட்டுக்குள் வைத்தால் குட்டி போடும் என்ற செய்தி எல்லோர் வலப்பக்கத்திலும் இருப்பதால் இதில் மட்டும் அவர்களுக்கு என்மேல் மனத்தாங்கல் உண்டு.

இதனால் மதிப்பெண் கூடுமா என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்து கூடியிருப்பது எழுத்து. 'காடு அழகாக இருந்தது' என்று எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள், எந்த இலை, எந்தப் பக்கம், எத்தனை என்று எழுதுகிறார்கள்.

பாம்புகளைப் பற்றித்தான் 'கேட்டது' பக்கம் இன்னும் வழிகிறது. பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும் என்பதை ஒரு பிள்ளை தன் நோட்டில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறாள். காரைப் புதரில் அது அசையாமல் கிடந்து ஒரு பல்லியைப் பிடித்து விழுங்கியதை எல்லோரும் தள்ளி நின்றே பார்த்தோம், யாருடைய கண் பக்கமும் அது வரவில்லை. கொம்பேறிமூக்கன் நஞ்சில்லாதது என்று நான் சொல்லியும், அது ஆளைக் கடித்துவிட்டு, அந்த ஆளை எரிப்பதை மரத்தில் ஏறியிருந்து பார்க்கும் என்ற செய்தியை ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் விடுவதாயில்லை. என் பேச்சையும் அவன் அய்யா பேச்சையும் வலப்பக்கத்தில் அடுத்தடுத்து எழுதிவிட்டு, "சுடுகாட்டில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்" என்று கீழே குறித்திருக்கிறான். விதிப்படி அவன் கேட்பது சரிதான். ஆனாலும் அனுமதி கொடுக்கவில்லை.